முப்பது சதவீதக் கடல்: எல்லைக்குள் மீன்களை எண்ணுவது யார்?

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. உயிரியல் பல்வகைமை மாநாடு நடைபெற்றது. உலகின் நிலம், கடல் இரண்டிலும் குறைந்தது 30 சதவீதத்தை 2030 ஆம் ஆண்டுக்குள் பாதுகாக்க வேண்டும் என்று அதில் உடன்பாடு காணப்பட்டது.

ஒரு நாடு எவ்வளவு கடற்பரப்பைப் பாதுகாப்பதாக அறிவித்துள்ளது என்பதை வரைபடத்தைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். ஆனால் அந்த எல்லைக்குள் மீன்வளம் பெருகியுள்ளதா என்பதை அறிய, நீருக்குள் இறங்கி எண்ண வேண்டும். நீண்ட கடற்கரைகள் முழுவதையும் திரும்பத் திரும்ப ஆராய விஞ்ஞானிகளின் எண்ணிக்கையோ நிதியோ போதுமானதாக இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்திருப்பவர்கள், பொழுதுபோக்காகக் கடலில் முக்குளிப்பவர்களும் நீரடிப் புகைப்படக்காரர்களும்.

அமெரிக்காவின் புளோரிடாவைத் தளமாகக் கொண்ட ரீஃப் என்ற அமைப்பு, 1993 ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களைக் கொண்டு மீன் கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2007 இல் தொடங்கிய ரீஃப் லைஃப் சர்வே திட்டத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கடலடியில் 50 மீட்டர் நீள அளவு நாடாவை விரித்து, அதன் இருபுறமும் காணும் மீன்களின் இனம், எண்ணிக்கை, அளவு ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர்.

புகைப்படங்கள் வேறொரு வகையில் உதவுகின்றன. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2016 இல் தொடங்கிய திட்டத்தில், பொதுமக்கள் எடுத்த மீன் படங்கள் இடமும் தேதியும் குறித்துச் சேகரிக்கப்படுகின்றன. இனங்காண்பதில் தவறு நேர்ந்தாலும், படம் இருப்பதால் நிபுணர் ஒருவர் பின்னர் அதைத் திருத்த முடியும். வெறும் பெயர்ப் பட்டியலில் இது சாத்தியமில்லை.

இத்தகைய தரவுகள் சங்கடமான உண்மைகளையும் வெளிப்படுத்தியுள்ளன. விஞ்ஞானிகளும் தன்னார்வலர்களும் உலகெங்கும் 87 பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் திரட்டிய தகவல்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று, நேச்சர் இதழில் 2014 இல் வெளியானது. அவற்றில் 59 சதவீதமானவை, மீன்பிடிப்பு நடக்கும் பகுதிகளிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை என்று அது தெரிவித்தது. மீன்பிடிப்புக்கு முழுத் தடை, கடுமையான கண்காணிப்பு, பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பாதுகாப்பு, பெரிய பரப்பு, தனித்த அமைவிடம் ஆகிய ஐந்தில் பல ஒருசேர அமைந்த இடங்களிலேயே பலன் தெளிவாகத் தெரிந்தது.

ஆயினும் தன்னார்வலர்களின் பணிக்கு வரம்புகள் உண்டு. தெளிந்த நீரும் அழகிய பவளப்பாறைகளும் உள்ள இடங்களையே அவர்கள் பெரும்பாலும் நாடுகின்றனர். கலங்கிய கழிமுகங்களும், பாறை இடுக்குகளில் மறைந்து வாழும் சிறு மீன்களும் பதிவுகளில் இடம்பெறாமல் போகின்றன.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டது. ஆழம் குறைந்து கலங்கிக் கிடக்கும் பாக் விரிகுடா போன்ற பகுதிகளில், முக்குளிப்போரின் கேமராவை மட்டும் நம்பியிருக்க இயலாது. வலையில் ஏறும் மீன்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் மீனவர்களின் அறிவும் முறையாகப் பதிவாக வேண்டும்.

ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் எண்ணினால்தான் மாற்றம் புலப்படும். அந்த எண்ணிக்கை இல்லையேல், மாண்ட்ரியலில் ஏற்கப்பட்ட 30 சதவீத இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டாலும், அதனால் கடலில் மீன்கள் பெருகினவா என்பதை எவராலும் கூற முடியாது.