தார் வீதியில் ஒரு நாள்

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்று மீண்டவனைக் கண்டால் எல்லோரும் யானையைப் பற்றியே வினவுகின்றனர். உகந்தைக்கு அப்பால் குமுக்கன் ஆறு, அடர்ந்த வனம், இரவில் கரடியின் உறுமல் - கேட்பவர்க்கும் சுவை, சொல்பவர்க்கும் பெருமை. தார் வீதியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆயினும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் அக்காட்டில் நடப்பது சில நாள்களே. எஞ்சிய வாரங்களிற் பெரும்பகுதி வீதியிலேதான் கழிகின்றது.

வாகரையைக் கடந்த அந்த நாளை நான் மறவேன். விடியுமுன் புறப்பட்டோம். பனிச்சங்கேணிப் பாலத்தில் உப்பாற்றின் காற்று முகத்தில் பட்டது. அன்றைய இன்பம் அத்துடன் முடிந்தது. அப்பால் இருமருங்கும் பற்றைக்காடு, நேரே கருநாடா போன்ற வீதி. கச்சான் காற்று புழுதியைக் கண்ணில் வீசிற்று. சமதரை நடைக்கு எளிதென்பார் நடந்தறியாதவர். மேடு பள்ளத்திற் கால் மாறி மாறி உழைக்கும். இங்கோ ஒரே இடத்திலேயே ஆயிரந் தரம் அடிபடும். வெறுங்காலினர் வீதியோரத்து வெண்கோட்டின்மேல் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்றோம். கருந்தாரிலும் அது சற்றே சூடு குறைவு. ஒரு கிலோமீற்றர் கல்லைக் கண்டபின் மற்றையது வரும்வரை வேறு நினைவில்லை. அரோகராவும் ஓய்ந்துவிட்டது.

மாங்கேணிக்கு ஐந்தாறு கிலோமீற்றர் இருக்கையில் கொப்புளம் உடைந்தது. நான் பின்தங்கினேன். பஸ் ஒன்று தானாகவே நின்றது. "ஏறுங்க சாமி, காசு வேணாம்" என்றார் நடத்துநர்.

ஏறிவிட்டேன்.

வகுப்பில் விடாமுயற்சியைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதுவித்திருப்பேன்! தங்குமிடத்து மரநிழலில் தனியே இருந்தபோது அவை யாவும் நினைவுக்கு வந்தன. ஒன்றரை மணி நேரங் கழித்தே மற்றையோர் வந்தனர். எழுபது வயதைக் கடந்த வடமராட்சி ஆச்சி ஒருவர் என் காலைப் பார்த்தார்.

"முன்னுக்கு வந்திட்டியளோ சாமி? நல்லது. உந்தக் காலுக்கு எண்ணெய் பூசுங்கோ" என்று தம் சிறு போத்தலைத் தந்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் மாணவர் சிலர் இலங்கைப் படத்தை விரித்து, "எங்கெங்கே நடந்தீர்கள் ஐயா?" என்றனர். சிவப்புப் பென்சிலால் சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கோடு கிழித்தேன். மாங்கேணியிலும் கையை எடுக்கவில்லை.