222 இருக்கா?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை. அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் விஎச்எப் போட்டி, ரொறன்ரோ நேரப்படி பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கியது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மீற்றரில் கூப்பிட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தில் இருந்து ஒருவர் பதில் தந்தார். கிரிட் சதுரங்களைப் பரிமாறி முடித்ததும் அவர் கேட்டார்: "222 இருக்கா?"

இல்லை என்றேன். "சரி, அடுத்த முறை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வார இறுதியில் இன்னும் நான்கு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். நால்வருக்கும் அதே பதில்தான்.

உங்களில் சிலர் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருப்பீர்கள். ஆறு மீற்றரும் இரண்டு மீற்றரும் வேலை செய்கின்றன, அடுத்து என்ன வாங்கலாம் என்று யோசிப்பீர்கள். பெரும்பாலானோர் சொல்வது "பெரிய அம்பிளிபயர் வாங்கு." நான் சொல்வது வேறு. அந்தக் காசில் 222 மெகாஹேர்ட்ஸைச் சேருங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்தப் போட்டியில் 50, 144 மெகாஹேர்ட்ஸில் ஒரு தொடர்புக்கு 1 புள்ளி. 222, 432இல் 2 புள்ளி. பூமியை 2 பாகை நெடுங்கோடு, 1 பாகை அகலக்கோடு என்று பிரித்ததுதான் கிரிட் சதுரம். ரொறன்ரோ எப்என்03. மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு அலைப்பட்டையிலும் பிடித்த சதுரங்களின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். ஒரே சதுரம் வேறொரு அலைப்பட்டையில் கிடைத்தால் அது புதிதாக எண்ணப்படும்.

உதாரணமாக, ஆறு மீற்றரில் 40 தொடர்பு, 15 சதுரம். இரண்டு மீற்றரில் 30 தொடர்பு, 10 சதுரம் என்று வையுங்கள். 70 தர 25, மொத்தம் 1750. புது அம்பிளிபயரால் இரண்டு மீற்றரில், ஏற்கெனவே பிடித்த சதுரங்களிலேயே இன்னும் 10 தொடர்பு கிடைத்தால் 80 தர 25, அதாவது 2000. அதே 10 தொடர்பு 222இல், 6 சதுரங்களில் கிடைத்தால்? 90 தர 31. மொத்தம் 2790!

இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் பலரிடம் 222 இல்லை? ஏனென்றால் இது அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரிய அமெச்சூர் அலைப்பட்டை. ஐரோப்பாவில் இதே இடத்தில் டிஜிட்டல் வானொலி ஓடுகிறது. லண்டனில் உள்ள உங்கள் மச்சான் வீட்டுக் குசினி றேடியோ பாடுவது இந்தப் பக்கமாகத்தான் இருக்கும். அதனால் உலகச் சந்தைக்கு றேடியோ செய்யும் கொம்பனிகள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 144, 432 இரண்டும் உள்ள ஓல்-மோட் றேடியோக்கள் பல உண்டு. 222 உள்ளதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வழி, ட்ரான்ஸ்வேர்ட்டர். உங்கள் றேடியோவின் 28 மெகாஹேர்ட்ஸ் சிக்னலோடு 194ஐக் கலந்து 222 ஆக்கும் பெட்டி அது. கேட்கும்போது இதற்கு எதிர்மாறு. ரெடிமேட்டாகச் சில நூறு டொலருக்குக் கிடைக்கும். கனடாவில் பேசிக் தகுதி மட்டும் உள்ளவர்கள் டிரான்ஸ்மிட்டரைத் தாங்களே வடிவமைத்துக் கட்ட முடியாது என்பதால் ரெடிமேட்டே நல்லது. அன்ரெனாவை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள். 1.25 மீற்றர் என்று பெயர் இருந்தாலும் உண்மையான அலைநீளம் 1.35 மீற்றர். யாகியின் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர்தான். ஒரு மரச்சட்டமும் சில உலோகக் கம்பிகளும் போதும். காரின் பின்சீற்றில் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. என் முதல் ட்ரான்ஸ்வேர்ட்டர் பத்து நிமிடம்கூட உயிரோடு இருக்கவில்லை. அது தாங்குவது அதிகபட்சம் சில வாட்ஸ். நான் றேடியோவை 100 வாட்ஸில் விட்டிருந்தேன். மைக்கை அமத்தினேன், மணம் வந்தது. முழுக்க என் பிழை. சக்தியை முதலில் குறையுங்கள், இடையில் ஒரு அற்றெனுவேற்றர் போடுங்கள், பிறகு இணையுங்கள்.

"432க்கும் 2 புள்ளிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. உங்கள் றேடியோவில் அது ஏற்கெனவே இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். ஆனால் அதற்கடுத்த படி 222தான். "அங்கே ஆட்களே இல்லை" என்பதும் பாதி உண்மை. 222.100இல் சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒருவரும் வராமல் போகலாம். இரண்டு மீற்றரில் பிடித்தவரை அங்கே கூட்டிப் போக வேண்டும். 222இல் பெரும்பாலான தொடர்புகள் அப்படித்தான் நடக்கின்றன.

புள்ளியை விடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்க அமெச்சூர்களுக்கு 220 முதல் 225 வரை முழுவதும் இருந்தது. 1988இல் அரசு 220-222ஐ வணிகப் பாவனைக்கு ஒதுக்கியது. 1991இல் அந்தப் பகுதி அவர்கள் கையை விட்டுப் போனது. காலியாகத் தெரியும் நிலத்துக்கு யாராவது வேலி போடத்தான் பார்ப்பார்கள். "நாங்கள் இதைப் பாவிக்கிறோம்" என்று காட்ட, போட்டி நாளில் பதிவாகும் தொடர்புகளை விட நல்ல சாட்சி வேறென்ன இருக்கிறது? அதில் இப்போது கதைப்பவர்களில் பலர் எங்கள் அப்பா வயதுக்காரர். அவர்களுக்குப் பிறகு யார்?

பால்கனியில் நான் யாகி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "மூண்டு பேர் கதைக்கிற இடத்தில நீ போய் என்னடா செய்யப் போறாய்?"

"நாலாவதா இருக்கப் போறன் அப்பா" என்றேன்.

அடுத்த ஜூனில், ஏரிக்கு அப்பால் இருந்து அதே குரல் கேட்டது: "222 இருக்கா?" இந்த முறை "இருக்கு, வாங்கோ" என்றேன். ஐந்தாவதாக உங்களையும் அங்கே எதிர்பார்க்கிறேன்.