வெளியேறுவோர் யார்? வெளியேற்றுவோர் யார்?

ஆசிரியர்கள் தொழிலைத் துறந்து செல்கின்றனர். சேவை மனப்பான்மை செத்துவிட்டது. காசுக்கு ஆசைப்பட்டுக் கடல் கடக்கின்றனர். இவ்வாறு புலம்புவோர் தொகை நமது நாட்டிலே பெருகியுள்ளது. பரிசளிப்பு விழா மேடைகளிலும் இப்புலம்பலுக்குக் குறைவில்லை. இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கின்றோம். ஆசிரியத் தொழிலின் பொருளாதார அடித்தளம் பல்லாண்டுகளாகத் தேயவிடப்பட்டமையே இவ்வெளியேற்றத்தின் வேராகும்.

கொள்ளை நோயே யாவற்றுக்கும் காரணம் என்பாரும் உளர். 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்படுவதற்கு முன்னரே இந்நோய் பற்றிவிட்டது. 1997 ஆம் ஆண்டுச் சம்பளத் திருத்தத்தோடு தோன்றிய முரண்பாடு, ஒத்த தகைமையுடைய ஏனைய அரச உத்தியோகத்தரிலும் ஆசிரியரைப் பின்தள்ளியது. அரசாங்கங்கள் மாறின, முரண்பாடு மாறவில்லை. மலையகத்தை நோக்குக. தோட்டப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்ட ஆசிரியர் உதவியாளர்களுக்குத் தொடக்கத்தில் அளிக்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா; பின்னர் 10,000 ரூபா. முழு ஆசிரியரின் வேலையைச் செய்வித்து, உதவியாளர் என்ற பெயரைச் சூட்டி, கூலியைக் குறைத்த இத்தந்திரம் தோட்டத்துரைமாரின் பழைய கணக்கேட்டிலிருந்து எடுக்கப்பட்டது போன்றதே.

நோய்க்காலம் இந்த அநீதியை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. இணையவழிக் கற்பித்தல் என்று ஆணை பிறந்தது. ஆனால் மேசைக் கணினியோ மடிக் கணினியோ உள்ள வீடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே. ஏனையோருக்குக் கையடக்கத் தொலைபேசியே கரும்பலகை. அதுவும் இல்லாதோர்க்கு எதுவுமில்லை. பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்தில் அலைவரிசை தேடி மாணவரும் ஆசிரியரும் காட்டுவழி நடந்து பாறையுச்சி ஏறிய செய்தியை 2021 இலே உலகமே படித்தது. அந்த ஆசிரியரின் தொலைபேசியை வாங்கியவர் யார்? ‘டேற்றா’வுக்குப் பணம் கட்டியவர் யார்? தேய்ந்த சம்பளத்திலிருந்து ஆசிரியரே கட்டினார். கல்வியமைச்சின் செலவு ஆசிரியர் வீட்டு அடுக்களையிலே பற்றெழுதப்பட்டது.

2021 ஜூலை 8 இலே, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தருகே நின்ற தொழிற்சங்கத்தினர் கைது செய்யப்பட்டனர். நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், ஆசிரியர் சங்கத் தலைவர்கள் உட்படப் பலர், தனிமைப்படுத்தலின் பெயரால் முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாட்களில், ஜூலை 12 முதல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்டோபர் 25 வரை அப்போராட்டம் நீடித்தது.

ஏழைப் பிள்ளைகளின் கல்வி பாழாயிற்று என்று அப்பொழுது கூக்குரல் எழுந்தது. பாதிப்பு உண்மை, அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தொலைபேசியற்ற பிள்ளை போராட்டத்துக்கு முந்திய மாதங்களிலேயே வகுப்பிலிருந்து தள்ளப்பட்டுவிட்டது. அன்று வாய்திறவாதவர்கள், ஆசிரியர் ஊதியம் கேட்டபோது மட்டும் ஏழைக்காகக் கண்ணீர் வடித்தனர். அக்கண்ணீரை நாம் எவ்வாறு நம்புவது?

போராட்டத்தின் பயன் என்ன? சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வில் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரி முதல் கிடைத்தது. கையில் வந்ததைப் பணவீக்கம் பறித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி அது 70 சதவீதத்தை எட்டிப்பிடித்தது. எஞ்சிய இரு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26 இலே கொழும்பில் திரண்ட ஆசிரியர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் பதிலாயின.

இதனிடையே 2022 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில், சேவை மூப்புக்குக் குறைவின்றி, ஐந்தாண்டுகள் வரை வெளிநாடு சென்று உழைக்கலாம் என்றது அது. அந்நியச் செலாவணி அவசியப்பட்டபோது கதவை அகலத் திறந்துவிட்டவர்களே, அதனூடாகச் சென்றவரைத் தியாகமற்றோர் என்று ஏசுவது எவ்வகை நீதி?

புனிதத் தொழில் என்ற சொல்லையும் நாம் உரைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டது நன்னூல். அதனை மேடைதோறும் எடுத்துரைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்நூலை இயற்றிய பவணந்தியாருக்குச் சீயகங்கன் என்னும் புரவலன் இருந்தான் என்று அதன் சிறப்புப் பாயிரமே சொல்கிறது. பொறுமையில் நிலமாக இரு என்று ஆசிரியருக்கு உபதேசிக்கும் அரசு, தான் சீயகங்கனாக இருக்க மட்டும் மறுக்கின்றது.

வசதி படைத்தோர் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பும் சர்வதேசப் பாடசாலையும் உண்டு. கணித ஆசிரியர் வெளியேறிய தோட்டப் பாடசாலையிலும் வன்னிக் கிராமத்திலும் அந்த நாற்காலி வெறுமையாகவே கிடக்கும். 1945 இலே பிறந்த இலவசக் கல்வியை நேரே ஒழிக்க எவருக்கும் துணிவில்லை. ஆசிரியரைப் பட்டினியால் வெளியேற்றினால் அது தானே ஒழியும்.

ஆகவே வெளியேறுவோரை நாம் பழிக்கமாட்டோம். வெளியேற்றத்தை விடுதலை என்று பாடவும் மாட்டோம். தனியொருவர் விமானமேறுவது ஒரு குடும்பத்தின் தீர்வு. வகுப்பறையின் தீர்வு அன்று. சம்பள உயர்வு முழுமையாக வேண்டும்; கற்பித்தற் சாதனங்களின் செலவை அரசு ஏற்க வேண்டும்; பின்தங்கிய பிரதேசங்களில் பணிபுரிவோர்க்கு வீடும் போக்குவரத்தும் வேண்டும். இவற்றை ஆசிரியர் தனித்து நின்று வெல்ல இயலாது. மாணவரும் பெற்றோரும் இக்கோரிக்கைகளைத் தமதாக்கும் நாளிலேதான் ஆசிரியர் நிலைப்பார், பாடசாலையும் நிலைக்கும்.