இமையாதவர்கள்

சிம் கார்டு வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் தம் கைப்பேசியை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்கிறார். சிமிட்டுகிறீர்கள். நீங்கள் புகைப்படமல்ல, உயிருள்ள ஆசாமிதான் என்று இயந்திரத்துக்குத் திருப்தி ஏற்பட்டுவிடுகிறது.

திராவக வீச்சில் இமை கருகிப்போன ஒரு பெண் அங்கே வந்து நின்றால்? அவள் பேசுகிறாள், கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாள். அவள் உயிரோடிருப்பது கடைக்காரருக்குத் தெரிகிறது. இயந்திரம் ஒப்பவில்லை. இமையாதவர்களைத் தேவர்கள் என்று சொல்லும் நாடு இது. சுயம்வர மண்டபத்தில் தமயந்தி தேவர்களை இனங்கண்டதும் அப்படித்தானே? நம் தொலைத்தொடர்பு விதிக்கு மட்டும் இமையாதவர் பிணம்!

கற்பனை செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். இப்படி அவதிப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மின்னணுச் சேவைகளை அடைவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பாயிற்று. உயிருண்மையை அறிய இமைப்பல்லாத வேறு வழியும் வேண்டும் என்பது உள்ளிட்ட 20 கட்டளைகள் பிறந்தன.

சந்தோஷம். ஆனால், கேட்கிறேன்: அதுவரை சர்க்கார் என்ன செய்துகொண்டிருந்தது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூலையில் பரிந்துரைகளை நீட்டி முழக்கி எழுதித் தந்தது. பரிந்துரை! சட்டத்தின் கீழ் 2017-இல் போட்ட விதிகளிலும் இதே சங்கதிதான். 'செய்தே தீர வேண்டும்' என்பதற்குப் பதிலாக 'செய்தால் நல்லது' என்ற தோரணை. அது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

'பொய்ப் பெயரில் சிம் வாங்கும் மோசடிக்காரர்களைப் பிடிக்க வேண்டாமா?' என்பார்கள். தாராளமாகப் பிடியுங்கள். சந்தாதாரரைச் சரிபார்ப்பதில் பிசகினால் கம்பெனிக்கு அபராதம் போடத் தெரிந்த இலாகாதானே இது? கடிவாளம் அதன் கையிலேயே இருக்கிறது. சிமிட்ட முடியாதவளைத் திருப்பி அனுப்பிய கம்பெனியைக் கண்டபோதுதான் அந்தக் கைக்கு வாதம் வந்துவிடுகிறது.

இப்போது கம்பெனிகள் அவ்வப்போது அணுகல் தணிக்கைக்கு உட்பட வேண்டுமாம். அந்த அறிக்கைகள் எந்த மேஜைக்குப் போகும்? அவற்றைக் கம்பெனிப் பெயரோடு ஊரறிய வெளியிடட்டும்; தவறியவர்களுக்கு என்ன தண்டம் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடட்டும்.