தெரியாத மந்திரத்துக்குச் சம்மதமா?

சமயநல்லூரில் ஒரு டீக்கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, பெரியவர் ஒருவருக்கு அவருடைய தம்பி மகன் வாடகைக் கார் கூப்பிடும் செயலியைச் செல்போனில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வர அது அவசியமானதுதான். ஆனால் அந்தச் செயலி, "நீர் இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா? உமக்குத் தெரிந்தவர்கள் நம்பரையெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே வந்தது. "எது கேட்டாலும் சரின்னு அமுக்குங்க பெரியப்பா" என்றான் பையன். அவரும் அமுக்கினார். பக்கத்திலிருந்தவரோ, "இந்தச் சனியனே வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார்.

தோழர்களே! இந்த இருவரில் யார் பகுத்தறிவுவாதி? இருவருமில்லை என்றே சொல்லுவோம். ஒருவர் கேட்காமல் நம்பினார். மற்றவர் கேட்காமல் ஓடினார். கார் வருவதற்கு நாம் நிற்கும் இடம் தெரியவேண்டும், சரி. நம் சம்பந்தியின் நம்பர் எதற்கு? இதை இருவரும் கேட்கவில்லை.

கல்யாண வீட்டில் புரோகிதன் புரியாத பாஷையில் சொல்லுவதற்கெல்லாம் தலையாட்டுவது மானக்கேடு என்றோம். புரோகிதனே வேண்டாமென்று சுயமரியாதைத் திருமணம் செய்தோம். 1967-இல் அதற்குச் சட்டமும் செய்யப்பட்டது. அப்படிப்பட்ட நாம், இன்று புரியாத பாஷையில் பத்துப் பக்கம் நீளும் நிபந்தனைக்கு ஒரே விரலால் சம்மதம் கொடுப்பது எந்த வகைப் பகுத்தறிவு?

"மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமேன்?" என்பார்கள். நாம் கேட்பது அதுவல்ல. நம் மடியைச் சோதிக்க இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பதே. பேய்க்குப் பயப்படுவதுபோல் இது ஆதாரமற்ற பயமுமல்ல. 2016-இல் ஊபர் கம்பெனியிலிருந்து சுமார் 5 கோடியே 70 லட்சம் பேருடைய விவரம் களவு போயிற்று. கம்பெனி அதை 2017 நவம்பர் வரை மூடிவைத்தது. சொமேட்டோவிலிருந்து 2017-இல் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் விவரம் திருடு போயிற்று.

இதில் ஜாதியும் ஒளிந்திருக்கின்றது. "நீங்க சைவமா, அசைவமா?" என்று வீட்டுக்காரன் கேட்பது, "நீ என்ன ஜாதி?" என்பதற்கு மரியாதையான பெயர். 2024 மார்ச்சில் சொமேட்டோ, சைவச் சாப்பாடு கொண்டுவருவோருக்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது. அப்படியானால் சிவப்புச் சட்டை வந்த வீடு எது என்று தெருவுக்கே தெரிந்துவிடாதா? ஜனங்கள் கேட்டார்கள். குடியிருப்போருக்கு வீட்டுக்காரரால் தொல்லை வரலாமென்று ஒப்புக்கொண்டு, மறுநாளே கம்பெனி பச்சைச் சட்டையைக் கைவிட்டது. கேட்டால் நடக்கும் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வசதி தரவேண்டும் என்கின்றது. வைத்தியச் செயலி ஒன்று நம்பர் பட்டியலைக் கேட்டு வாங்கினாலும், வைத்தியத்துக்கு அது தேவையில்லாததால் அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டமே உதாரணம் காட்டுகின்றது. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாதத் தவணை கொடுக்கப்பட்டது. தவணை கம்பெனிக்குத்தானே ஒழிய, கேள்வி கேட்க நமக்கு எதற்குத் தவணை? சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்களித்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் வைத்திருக்கின்றது. ஆகவே சட்டமே காப்பாற்றும் என்று சும்மா இருப்பதும் ஒருவகைப் பக்தியேயாகும்.

எனவே, செயலியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தமிழில் சொல் என்று கேளுங்கள். இது எதற்கு என்று கேளுங்கள். தேவையில்லாததற்கு "முடியாது" என்பதை அமுக்குங்கள். அமுக்கும் விரல் நம்முடையது; அதற்கு முன் யோசிக்கவேண்டிய அறிவும் நம்முடையதே.