சிரித்தது போதும் நண்பர்களே!

சினிமா! இந்த மூன்றெழுத்துக்கு மயங்காத மனிதர் நம் ஊரில் உண்டா? அதிலும் சேலத்துக்காரனுக்குச் சினிமா என்பது சொந்த வீட்டுச் சமாச்சாரம். டி.ஆர்.சுந்தரம் அவர்களின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த மண் இது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் வந்ததே, அதைத் தயாரித்தது சேலம்தான். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலரில் எடுத்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்ததும் சேலம்தான். இன்று அந்த ஸ்டுடியோ இல்லை. ஏற்காடு ரோட்டில் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் சினிமாப் பைத்தியம் நம்மை விட்டுப் போகவில்லை.

அந்தப் பைத்தியம் நமக்கு என்ன கற்றுக் கொடுத்தது? இந்த ஆண்டு மலரில் அதைக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

ஒரு பையனும் ஒரு நம்பரும்

பத்தாம் வகுப்பில் என்னோடு ஒருத்தன் படித்தான். பேர் வேண்டாம். கணக்கில் எப்போதும் என்னைவிடப் பத்து மார்க் கூட வாங்குவான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நடை மட்டும் கொஞ்சம் மெதுவு. பேசும்போது கை ஆடும். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சினிமா காமெடியில் கேட்ட ஒரு நம்பரை அவனுக்குப் பேராக வைத்தோம். எந்த நம்பர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பஸ்ஸில் நாங்கள் ஒவ்வொருத்தராக ஏறும்போது ஒருத்தன் எண்ணிக்கொண்டே வருவான். ஏழு, எட்டு என்று வந்ததும் நிறுத்திவிட்டு அவனைப் பார்ப்பான். பஸ்ஸே சிரிக்கும். கண்டக்டர் அண்ணனும் சிரிப்பார். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை.

அரையாண்டு லீவு முடிந்து அவன் வரவில்லை. பொதுத் தேர்வும் எழுதவில்லை. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. நம் பாலிடெக்னிக் அட்மிஷன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருக்க வேண்டியவன் நண்பர்களே!

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. அவன் யார் என்று அன்றைக்கு அவனுக்கே தெரிந்திருக்குமா? பதினைந்து வயசு. தன்னைத்தானே தெரிந்துகொள்ள அவனுக்கு நாள் வேண்டியிருந்திருக்கும். ஒருவேளை நாங்கள் நினைத்தது எதுவுமே இல்லாமல் சாதாரணமாக மெதுவாக நடக்கிற பையனாகவும் இருந்திருக்கலாம். அவன் கண்டுபிடிக்க வேண்டியதை நாங்கள் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, பேர் வைத்து, சிரித்து, ஊரை விட்டே அனுப்பிவிட்டோம்.

சிரிப்பு, வில்லன், சாவு

இந்தச் சிரிப்பை எங்கே படித்தோம்? பெரிய படங்களில்தான். பெண் போல நடக்கும் ஆண் வந்தாலே காமெடி. அது இல்லையென்றால் வில்லன். 2006-ல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தில் இரண்டு கொலைகாரர்களை இன்னும் கேவலமாகக் காட்ட, அவர்களை ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று திட்டும் வசனம் வருகிறது. 2015-ல் வந்த 'ஐ' படத்தில் மேக்கப் செய்யும் திருநங்கையை வில்லியாகவும் கேலிப் பொருளாகவும் காட்டினார்கள். திருநங்கைகள் அதை எதிர்த்துப் போராட்டமே நடத்தினார்கள்.

பெரிய படத்தில் நல்லது வரவே இல்லையா? வந்தது. 2011-ல் 'காஞ்சனா'வில் சரத்குமார் திருநங்கையாக நடித்தபோது தியேட்டரே கைதட்டியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். செத்துப் பேயான பிறகுதான் அந்தக் காஞ்சனாவுக்கு மரியாதை! 2020-ல் வந்த 'பாவக் கதைகள்' படத்தில் சுதா கொங்கரா எடுத்த 'தங்கம்' என்ற கதையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1981-ல் கொங்குக் கிராமம் ஒன்றில் நடக்கிற கதை. நம் வீட்டுப் பேச்சு, நம் ஊர் வழி. பெண்ணாக மாறப் பணம் சேர்த்து வைத்திருக்கும் சத்தாராகக் காளிதாஸ் ஜெயராம் பிரமாதமாக நடித்திருக்கிறார். அழாமல் பார்க்க முடியாது. ஆனால் கடைசியில் சத்தார் உயிரோடு இல்லை.

ஒன்று சிரிப்பு, இல்லாவிட்டால் வில்லன், அதுவும் இல்லாவிட்டால் சாவு. இவர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போய், சாயந்தரம் வீட்டுக்கு வந்து சோறு தின்கிற மனிதர்கள் என்று எந்தப் படம் சொன்னது?

சொன்ன படங்கள்

சொன்ன படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் சின்னப் படங்கள். பெரிய ஹீரோ கிடையாது, ஃபைட் கிடையாது. நம் ஊர்த் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். நான் அப்பாவின் போனில்தான் பார்த்தேன்.

திருச்சியைச் சேர்ந்த லிவிங் ஸ்மைல் வித்யா என்ற திருநங்கை தன் வாழ்க்கையைத் தமிழில் புத்தகமாக எழுதினார். மொழியியலில் எம்.ஏ. படித்தவர் அவர். புனே பக்கம் ரயிலில் கை நீட்டிப் பிழைத்து, பிறகு போராடி வேலைக்கு வந்தவர். அந்தப் புத்தகத்தை வைத்துப் படம் எடுத்தது யார் தெரியுமா? கன்னடக்காரர்கள்! பி.எஸ்.லிங்கதேவரு இயக்கிய 'நானு அவனல்ல அவளு' 2015-ல் திரைக்கு வந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் பெண்ணின் தமிழ்ப் புத்தகம், ஆனால் தமிழில் எடுக்க ஆள் இல்லை. சினிமா நம் ரத்தத்தில் ஓடுகிறது என்று பீற்றிக்கொள்ளும் நாம் இதற்குத் தலைகுனிய வேண்டாமா?

2023-ல் மலையாளத்தில் ஜியோ பேபி எடுத்த 'காதல் - தி கோர்' வந்தது. மம்மூட்டி தன் சொந்தக் கம்பெனியிலேயே தயாரித்து நடித்தார். அந்த அளவில் அது சின்னப் படம் இல்லை. ஆனால் கதை சொல்கிற விதம் சின்னப் படத்தின் நிதானம். இடைத்தேர்தலில் நிற்கிற ஒரு ஊர்ப் பெரிய மனிதர். அவர் தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்று சொல்லி விவாகரத்துக் கேட்கிறார் மனைவி. அந்த மனைவியாக நடித்தது நம் ஜோதிகா. அவர் புருஷனைக் கேவலப்படுத்தக் கோர்ட்டுக்குப் போகவில்லை. இருவருக்கும் விடுதலை வேண்டும் என்று போகிறார். உண்மையை மறைத்துக் கட்டி வைக்கிற கல்யாணத்தில் ஒருத்தர் இல்லை, இரண்டு பேர் வாழ்க்கை போகிறது என்று அந்தப் படம் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

தமிழிலும் வந்துவிட்டது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய 'காதல் என்பது பொதுவுடமை' 2025 காதலர் தினத்தன்று வெளியானது. காதலிப்பதாக மகள் சொல்கிறாள். முற்போக்கான அம்மா, "வீட்டுக்குக் கூட்டி வா" என்கிறார். வந்து நிற்பது ஒரு பெண். அம்மாவாக ரோகிணி, மகளாக லிஜோமோல். பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் பேச்சு, அழுகை, கோபம், மறுபடி பேச்சு. யாரும் சாகவில்லை. யாரும் வில்லன் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத் தடுமாறுகிற அம்மா, அப்பாதான் இருக்கிறார்கள்.

சொல்ல ஒரு வார்த்தை

இந்தப் படங்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தறி ஓட்டுகிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்த அன்றைக்கு அம்மிச்சி கேட்டது: "அப்ப லாரி பட்டறைக்குத்தான போறே கண்ணு?" இல்லை அம்மிச்சி என்று அரை மணி நேரம் விளக்கினேன். அதற்குத் தகுந்த வார்த்தையே எங்கள் வீட்டில் கிடையாது. கடைசியில் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் டிப்ளமோ முடித்து ஓசூர் கம்பெனிக்குப் போனதைக் காட்டி, "அந்த மாதிரி" என்றேன். உடனே புரிந்துவிட்டது. கண் முன்னால் ஒரு ஆளைக் காட்டினால் போதும், வீடு புரிந்துகொள்ளும்.

நல்ல விஷயத்தைச் சொல்லவே எனக்கு இவ்வளவு சிரமம் என்றால், 'நான் மற்றவர்கள் மாதிரி இல்லை' என்று வீட்டில் சொல்ல நினைக்கிற பிள்ளையின் நிலை என்ன? அவன் காட்டுவதற்கு ஆள் எங்கே? வீட்டாருக்குத் தெரிந்த ஒரே ஆள் சினிமா காமெடியில் வந்தவன்தானே! அந்த இடத்தில்தான் இந்தச் சின்னப் படங்கள் உதவுகின்றன. பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே, அம்மா அப்பாவின் மனதில் ஒரு மரியாதையான முகத்தைக் கொண்டு வந்து வைக்கின்றன. அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளைக்கே தன்னை எண்ணிப் பார்க்க ஒரு முகம் கிடைக்கிறது.

வார்த்தையும் இப்போது இருக்கிறது. திருநங்கை, திருநம்பி, தன்பால் ஈர்ப்பாளர் என்று மரியாதையாகச் சொல்ல ஒரு சொற்பட்டியலையே 2022-ல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. அதற்கு வழி வகுத்தது சென்னை உயர் நீதிமன்ற வழக்கு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. 2021-ல் அதை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் போதிய அறிவு இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு உத்தரவு போட்டார். ஐகோர்ட் ஜட்ஜே மாணவனாக உட்காரலாம் என்றால், மாணவர்களான நமக்கு என்ன குறைச்சல்?

கேட்கப் போகும் கேள்விகள்

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குடா" என்பான் ஒருத்தன். 1998-ல் தீபா மேத்தாவின் 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டர்களை மும்பையிலும் டெல்லியிலும் தாக்கியவர்கள் சொன்னதும் இதேதான். அவனைத் திருச்செங்கோட்டு மலைக்கு அழைத்துப் போகிறேன். பாதி ஆண், பாதி பெண்ணாக அர்த்தநாரீஸ்வரர் நிற்கிறார். வருஷா வருஷம் படியேறிக் கும்பிட்டு வருகிறோம். மலைமேல் கும்பிடு, கீழே இறங்கி பஸ் ஏறினால் கேலியா?

"இந்தப் படமெல்லாம் பார்த்தா நாமளும் அப்படி ஆயிடுவோம்" என்பான் இன்னொருத்தன். ஐம்பது போலீஸ் படம் பார்த்திருக்கிறோமே, நம்மில் எத்தனை பேர் எஸ்.ஐ. ஆனோம்? ஆனால் நம் சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை, 2015-ல் ஐகோர்ட் வரை போய் நியாயம் வாங்கி, 2017-ல் எஸ்.ஐ. ஆனார். சினிமா பார்த்து ஆகவில்லை. படித்து, பரீட்சை எழுதி, ஓடி, போராடி ஆனார்.

"சட்டமே ஒத்துக்காதே" என்பவர்களுக்கு: மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-ல் அங்கீகரித்தது. வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது, அவர்கள் ஒரே பாலினமாக இருந்தாலும், குற்றம் இல்லை என்று 2018-ல் சொன்னது. இப்படிப்பட்டவர்கள் கல்யாணம் செய்யும் உரிமையை 2023-ல் அதே கோர்ட் தரவில்லை என்பதும் உண்மை. ஆக, பாதி தூரம்தான் வந்திருக்கிறோம்.

எனக்கும் ஒரு குறை

இந்தச் சின்னப் படங்கள் மேல் எனக்கும் குறை உண்டு. திருநங்கை வேஷத்தைப் பெரும்பாலும் ஆண்களே போடுகிறார்கள். 2011-ல் 'நர்த்தகி'யில் கல்கி சுப்பிரமணியமும், 2019-ல் 'பேரன்பு'வில் அஞ்சலி அமீரும் நடித்து, எங்களாலும் முடியும் என்று காட்டினார்கள். பிறகும் அந்தக் கதவு முழுசாகத் திறக்கவில்லை.

அடுத்தது, 'காதல் என்பது பொதுவுடமை' வீட்டில் சோபா போட்ட ஹால் இருக்கிறது. உட்கார்ந்து பேச இடம் இருக்கிறது. பள்ளிபாளையம் தறிக் குடோனில், நாமக்கல் பாடி பில்டிங் பட்டறையில், ராசிபுரம் பக்கம் ஒரே ரூமில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் இருக்கிற பிள்ளை எங்கே போய்ப் பேசும்? அந்தப் படம் இன்னும் வரவில்லை. நம் மண்ணில் அதை எடுக்க வேண்டியவன் ஒருவேளை இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

யூனியனுக்கு ஒரு வேண்டுகோள்

போன ஆண்டு விழா ஸ்கிட்டில் ஒரு பையனுக்குப் புடவை கட்டி, இடுப்பை ஆட்டி நடக்க விட்டோம். விசில் பறந்தது. நானும் கைதட்டினேன். அந்தக் கூட்டத்தில் என் பத்தாம் வகுப்பு நண்பனைப் போல ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

லேத்தில் ஒரே டிராயிங்கை வைத்து நாற்பது பேர் ஜாப் செய்கிறோம். எந்த இரண்டு பீசும் நூல் பிசகாமல் ஒன்று போல வருவதில்லை. அதற்காகத்தானே டாலரன்ஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்? இரும்புக்கு விடுகிற அந்த இடத்தைக் கூடப் படிக்கும் பையனுக்கும் விடுவோமே!

ஆகவே யூனியன் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டே இரண்டு. இந்த வருஷ விழாவில் அந்த மாதிரி ஸ்கிட் வேண்டாம். அதற்குப் பதிலாக டிராயிங் ஹால் புரொஜெக்டரில் இந்தப் படங்களில் ஒன்றைப் போடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் பேசுவோம். பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். சிரிக்காமல் சொல்லட்டும்.

என் நண்பன் திரும்பி வரமாட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நம்பர்கூடத் தெரியாது. ஆனால் அடுத்த ஜூனில் முதலாம் ஆண்டு சேர வருகிற எவனோ ஒருத்தன், மெதுவாக நடந்து நம் கேட்டுக்குள் நுழைவான். அவன் யார் என்று அவன் சொல்லும் வரை, அவன் பேரைச் சொல்லியே கூப்பிடுவோம் நண்பர்களே!

சிந்திப்போம்! திருந்துவோம்!

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்