பார்வை போனால் பத்தி போக வேண்டுமா?

பார்வையற்றோருக்கான முதல் டி20 கிரிக்கெட் உலகக் கோப்பை 2012 டிசம்பரில் நம் பெங்களூரில்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை வீழ்த்திக் கோப்பையை வாங்கிய இந்திய அணிக்குத் தலைவர் கர்நாடகத்தின் ஷேகர் நாயக். காதை நம்பி ஆடும் ஆட்டம் அது. பிளாஸ்டிக் பந்துக்குள் உலோகக் குண்டுகள் சலசலக்கும். பந்து வீசுகிறவர் 'ரெடி?' என்பார், மட்டையாளர் 'யெஸ்' என்பார், 'ப்ளே' என்ற குரலோடு கை தாழ்ந்து பந்து வரும். பதினொருவரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையற்றவர்கள். அவர்கள் அடிக்கும் ரன் இரட்டிப்பாகச் சேரும்.

கண் தெரியாமல் ஆட முடியும் என்பதை இந்த ஊரிலேயே பார்த்து எழுதியவர்கள் விளையாட்டு நிருபர்களான நாம். ஆனால் நம் சகா ஒருவருக்குச் சர்க்கரை நோயாலோ கிளாக்கோமாவாலோ பார்வை மங்கத் தொடங்கினால், முதல் வேலையாக அவரை மைதானத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். இரக்கத்தோடுதான் செய்கிறோம். ஆனால் இருபது வருட ஆட்ட ஞாபகமும், எந்தப் பயிற்சியாளரிடம் எதைக் கேட்டால் வாய் திறப்பார் என்ற அறிவும் அவரோடு சேர்ந்து போய்விடுகின்றன.

பார்வையில்லாமலும் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் எட் லூகாஸ் 1951இல், 12 வயதில், பேஸ்பால் பந்து முகத்தில் பட்டுப் பார்வையை இழந்தார். அதன் பிறகே விளையாட்டு எழுத்தாளரானார். டேப் ரெக்கார்டரும் கையுமாக யாங்கீஸ், மெட்ஸ் அணி வீரர்களைப் பல பத்தாண்டுகள் பேட்டி கண்டார். ஜிம்பாப்வேயின் டீன் டு பிளெசிஸ் பிறவியிலேயே பார்வையற்றவர். ஸ்டம்ப் மைக்கில் கேட்கும் காலடியையும் முனகலையும் வைத்தே வீசுவது யார் என்று கண்டுபிடித்து கிரிக்கெட் வர்ணனை செய்பவர்.

ஃபீல்டர் எங்கே நிற்கிறார் என்பதைப் பக்கத்தில் ஒருவர் சொல்லத்தான் வேண்டும், மறுக்கவில்லை. பிரஸ் பாக்ஸில் 'கேட்ச் யார் பிடித்தது?' என்று பக்கத்து நாற்காலியைக் கேட்காத நிருபர் நம்மில் யார்?

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கோர்கார்டைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். திரையிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருள் பெரும்பாலும் அதில் ஊமையாகிவிடும். தமிழ் அலுவலகங்களில் இன்னொரு கொடுமை உண்டு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய பிரதியை ஸ்க்ரீன் ரீடர் வெறும் உளறலாகத்தான் வாசிக்கும். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரோ இலவசம், தமிழும் வாசிக்கும்.

பணியிலிருக்கும்போது உடற்குறை நேர்ந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஆனால் அந்தக் காப்பு அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் பத்திரிகையில் அந்த முடிவு நம் கையில்தான் இருக்கிறது. பார்வை பெரும்பாலும் ஒரே நாளில் போவதில்லை. மங்கும் மாதங்களிலேயே ஸ்க்ரீன் ரீடர் பழகச் சகாவுக்கு அலுவலக நேரம் கொடுங்கள். ஸ்கோரை எழுத்தாக அனுப்பும்படி விளையாட்டுச் சங்கங்களைக் கேளுங்கள். பத்தியை விடுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.